மார்கழியில் வந்த மதர்போர்டு

என் பெயர் பத்துமலை. ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று என்னைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. இந்தக் குணம் ஒரு நாள் உன் தலையிலேயே விடியும் என்று எச்சரித்தவர்களும் உண்டு. அவர்களோடும் நான் சண்டைதான் போட்டேன்.

என் மகள் தினேஸ்வரிக்குப் பதினாறு வயது. நானும் அவள் அம்மா புஷ்பலதாவும் பிரிந்து ஏழு வருடமாகிறது. தாயும் மகளும் சுங்காயில் இருந்தார்கள், நான் ஈப்போவில் ஒரு ஃபிளாட்டில். மாதம் இரண்டு சனிக்கிழமை சுங்காய்க்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது சாப்பிட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்குள் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். ஏழு வருடமாக எனக்குக் கிடைத்த மகள் அவ்வளவுதான்.

போன அக்டோபரில் புஷ்பலதாவுக்கு ஜோகூரில் வேலை கிடைத்தது. புது வருடம் பிறந்ததும் போய்விடுவதாகச் சொன்னாள். மகளுக்கு அடுத்து ஐந்தாம் படிவம், பெரிய பரீட்சை எழுதும் வருடம்.

"அவ என்கூட ஜோகூருக்கு வரட்டும், இல்ல ஒங்ககூட ஈப்போவுல இருந்து படிக்கட்டும். அவ இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றாள் புஷ்பலதா.

மகள் ஒரு வாரம் யோசித்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "டிசம்பர்ல ஸ்கூல் சூத்தி விட்டதும் வந்து மூணு வாரம் இருந்து பாக்கறேன்ப்பா. சரியா வந்துச்சுன்னா அங்கயே ஸ்கூல் மாத்திக்கறேன்."

அன்று பஸ்ஸில் ஏறிய அத்தனை பேருக்கும் நான் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னேன். உடையப்பன், என்னோடு அதே கம்பெனியில் பஸ் ஓட்டுகிறவன், "என்னா மச்சான், லாட்டரியா?" என்று கேட்டான். லாட்டரியெல்லாம் எந்த மூலைக்கு?

உடனே அறைக்கு வெள்ளையடித்தேன். புதுக் கட்டில், புது மேசை. மேசை மேல் என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டேன். கம்ப்யூட்டர் என்றாள், அதுவும் கேம் விளையாடுகிற கம்ப்யூட்டர். அவளுக்கு ஐந்து பெண்கள் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. ஒருத்தி கெடாவில், ஒருத்தி கிள்ளானில், இப்படி ஆளுக்கொரு ஊர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வாரா வாரம் சேர்ந்து போட்டியில் விளையாடுவார்கள். இவள் தோழியின் லேப்டாப்பை இரவல் வாங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தோழியும் எத்தனை நாள் கொடுப்பாள்?

"ரெடிமேடா வாங்காதீங்க. வேஸ்ட்டு. தனித்தனியா வாங்கினா அதே காசுக்கு நல்லதா வரும். நானே பூட்டிடுவேன்" என்றாள். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. முதல் வரியில் புரோசசர்: ரைசன் 5, 5600ஜி. இரண்டாவது வரியில் மதர்போர்டு: பி550. அதன் கீழே ரேம், பவர் சப்ளை, பெட்டி என்று இன்னும் நாலு வரி.

நான் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டே போனில் கேட்டேன். அவள் விளக்கினாள். இந்தப் புரோசசருக்குள்ளேயே படம் காட்டும் வேலையும் அடங்கியிருக்கிறதாம். அதனால் விலை கூடின கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம், பிறகு காசு வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். "மத்தது எது மாறினாலும் பரவால்ல. ஆனா புரோசசரும் போர்டும் ஜோடிப்பா. அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள். ம், ம் என்றேன். என் கவனம் முழுவதும் அவள் குரலில் இருந்ததே தவிர, அவள் சொன்னதில் இல்லை. மகள் எனக்குப் பாடம் எடுக்கிறாள் என்ற பெருமையே எனக்குப் போதுமாக இருந்தது.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி இணையத்தில் பெரிய மலிவு விற்பனை. நடுச்சாமத்திலேயே ஆரம்பித்தாலும் நான் விடிந்து எழுந்துதான் பார்த்தேன். புரோசசர் இருந்தது, வாங்கிவிட்டேன். ரேமும் மற்றதும் இருந்தன. பி550 போர்டு மட்டும் விற்றுத் தீர்ந்துவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே பி650 என்று ஒன்று இருந்தது. விலையும் கொஞ்சம் கூட.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். நான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலணி கேட்டால், கேட்டதைவிட ஒரு படி மட்டமானதுதான் வரும். நீ கேட்டதற்கு மேலேயே ஒன்று வாங்கித் தருவேன் என்று நான் யாருக்காவது சொல்ல வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. ஐந்நூற்றைம்பது கேட்டாள், அறுநூற்றைம்பது கிடைக்கப் போகிறது. அவளிடம் சொல்லவில்லை. பிரிக்கும்போது பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாமான் பதினைந்தாம் தேதியே வந்திருக்க வேண்டும். கொரியர்காரன் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் பஸ்ஸில் இருந்தேன். மறுபடி வந்தது பதினேழாம் தேதி. பதினாறாம் தேதியே மார்கழி பிறந்துவிட்டது.

மார்கழியில் நான் புதுச் சாமான் எதையும் பிரிக்க மாட்டேன். அனுபவப்பட்டவன் நான். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதத்தில்தான் பழைய லாரி ஒன்றை வாங்கினேன். விற்கிறவன் அவசரப்படுத்தினான், நானும் நாள் பார்க்கவில்லை. ஐந்தாவது மாதம் காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது, சிம்பாங் பூலாய்க்கு மேலே அது கவிழ்ந்தது. எனக்குக் கை முறிந்தது. கடன், அந்தக் கடனை மறக்கக் குடி, அந்தக் குடியால் சண்டை. அடுத்த வருடமே புஷ்பலதா போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்த நல்லதையும் நான் கெட்ட நாளில் தொட்டதில்லை.

அதனால் வந்த பொட்டலங்களைக் கொரியர் பிளாஸ்டிக்கோடு சாமி படத்துக்குக் கீழே அடுக்கினேன். சின்னப் பொட்டலத்தின் மேல் ஒரு முழம் பூவும் வைத்தேன். தை ஒன்றாம் தேதி பால் பொங்கினதும் பிரிக்கலாம். இன்னும் ஒரு மாதம்கூட இல்லையே.

இருபதாம் தேதி மகள் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, சாமி படத்தடியில் போய் நின்றாள்.

"அப்பா, என்னாப்பா இது, மாலையெல்லாம் போட்டு? செத்தா போச்சு?"

"ச்சீ, வாயக் கழுவு. தை பொறக்கட்டும், பிரிப்போம்."

"தையா? ஸ்கூல் தெறக்கறதே பன்னெண்டாம் தேதி. தை பதினஞ்சு!"

"சபார்லா, கொஞ்சம் பொறு. எங்க ஓடிப் போகுது?"

அவள் சிரித்தாள். முதல் வாரம் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் சார்டின் சம்பல் வைத்தேன், அவள் முட்டை பொரித்தாள். என் பஸ்ஸில் ஒரு நாள் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். ஏறிய பெண்களிடமெல்லாம் "என் மகள், என் மகள்" என்று காட்டினேன். பள்ளி மாற்றும் விண்ணப்பப் போராங்கை நானே பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டு, அவள் கையெழுத்து மட்டும் பாக்கியாகக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தேன். அந்த ஏழெட்டு நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு மாலையும் அவள் குழு விளையாடும் நேரத்தில், அவள் அந்த வெறும் மேசை முன்னால் போனை வைத்துக்கொண்டு மற்ற நாலு பேர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவளுக்குப் பதிலாக வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். "ரெண்டு வாரத்துக்குத்தான்ப்பா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

உடையப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மார்கழி பூரா கோயில்ல போய்ப் பொங்கல் வாங்கித் திங்கறே, டப்பாவத் தெறந்தா மட்டும் குத்தமா? புள்ள நிக்கிறப்பவே தெறந்து குடுலா மச்சான்."

"உனக்குக் கவுந்தா தெரியும்" என்றேன்.

டிசம்பர் முப்பத்தோராம் தேதி. இரவுச் சாப்பாட்டுக்கு நான் கோழி வாங்கி வந்திருந்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, சாமான் வந்து பதினஞ்சு நாளைக்குள்ளதான் திருப்பிக் குடுக்க முடியும். நாளையோட கெடு ஹபிஸ். ஒரு தடவ செக் பண்ணிடலாம்."

"எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? சரியாத்தான் அனுப்பியிருப்பான்."

"நான் எழுதினதத்தானே வாங்கினீங்க?"

அந்தப் பெருமையை அடக்க முடியவில்லை எனக்கு. "அதுக்கும் மேல ஒரு படி" என்றேன்.

அவள் முகம் மாறியது. "மேலன்னா? எது மேல? புரோசசரா, போர்டா?"

"தை ஒண்ணுல பாரு."

"அப்பா, வெளையாடாதீங்க. பிரிக்கக்கூட வேணாம். மேல இருக்கற பிளாஸ்டிக்க மட்டும் கிழிச்சு, டப்பாவுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துக்கறேன். ரெண்டு நிமிஷம்."

"கிழிச்சாலே பிரிச்சதுதான்."

"என்னாப்பா இது!"

"உனக்கு என்னா தெரியும்? மார்கழியில லாரி வாங்கித்தான் இந்தக் குடும்பமே கவுந்துச்சு."

அவள் தட்டை மேசை மேல் வைத்தாள். "லாரி கவுந்தது பிரேக்காலப்பா. பிரேக்க மாத்துங்கன்னு அம்மா மூணு தடவ சொன்னாங்களாம். நீங்க கேக்கலியாம்."

நியாயமாக நான் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். ஏனென்றால் அது உண்மை. பிரேக் சத்தம் போடுகிறது என்று புஷ்பலதா சொன்னாள், ஒரு தடவை அழுதுகூடச் சொன்னாள். அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப் போட்டேன். எட்டு வருடமாக அந்தப் பழியை நான் மார்கழியின் மேல் ஏற்றி வைத்திருந்தேன். அதை என் மகள் கோழிக்கறிக்கு நடுவே சாதாரணமாக இறக்கி வைத்துவிட்டாள். எனக்கு ரோஷம் தலைக்கேறியது.

"உங்கம்மா மாதிரியே பேசாதே! என் வீட்டுல நான் சொல்றதுதான். இஷ்டம் இருந்தா இரு!"

சொன்ன மறுவினாடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் போய்ச் சமாதானம் சொல்லியிருப்பேன் என்று இன்னமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் ஒரு சாக்குதான்.

ஜனவரி இரண்டாம் தேதி சுங்காய்க்கே போகிறேன் என்றாள். நானே காரில் கொண்டுபோனேன். பாதி வழியில் தாப்பா ஊர் தாண்டினதும் நான்தான் பேச ஆரம்பித்தேன்.

"கம்ப்யூட்டருக்காகக் கோவிச்சிக்கிட்டா போறே? இன்னும் ரெண்டே வாரம்மா."

"கம்ப்யூட்டருக்காக இல்லப்பா."

"அப்புறம்?"

"நான் ஒண்ணு சொன்னா நீங்க கேப்பீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டில் கண் வைத்து ஓட்டினேன்.

போராங் குளிர்சாதனப் பெட்டி மேலேயே கிடந்தது. பள்ளி திறப்பதற்கு முன்பே தாயும் மகளும் ஜோகூர் போய்ச் சேர்ந்தார்கள்.

தை ஒன்று வியாழக்கிழமை. நான் லீவு போட்டேன். ஃபிளாட்டின் நடைபாதையில் அடுப்பு வைத்துப் பால் பொங்க வைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்கு ஒரு கிண்ணம் பொங்கல் கொடுத்தேன். அப்போதே பிரித்திருக்கலாம். ஆனால் மகள் பார்க்கப் பிரிக்க வேண்டும் என்று அவள் பள்ளி விட்டு வரும் மூன்று மணி வரைக்கும் காத்திருந்தேன். வீடியோ காலில் கூப்பிட்டேன். எடுத்தாள், பொங்கல் வாழ்த்துகூடச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது.

"பாரும்மா, இப்பப் பிரிக்கப் போறேன். நல்ல நேரம்."

"சரிப்பா. சின்ன டப்பா மொத. கீழ நெறைய முள்ளு மாதிரி இருக்கும், கை படாம ஓரத்தப் புடிங்க."

புரோசசரை எடுத்தேன். தீப்பெட்டியைவிடச் சின்னது. அடியில் முள் முள்ளாக இருந்தது. காட்டினேன், தலையாட்டினாள். பிறகு போர்டு டப்பாவின் பிளாஸ்டிக்கைக் கிழித்து, டப்பாவைக் கேமராவுக்கு நேராக நீட்டினேன், கல்யாணச் சீர் காட்டுகிறவன்போல.

அவள் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து டப்பாவைப் படித்தாள்.

"அப்பா, அது ஆறு அஞ்சு பூஜ்யம்."

"ஆமாம்மா! நீ சொன்னது வித்துப் போச்சு. அதுக்கு அண்ணன் இது."

"அண்ணன் இல்லப்பா. அது வேற. நீங்க மொத காட்டின புரோசசரு ஏஎம் ஃபோர் சாக்கெட்டு. இந்தப் போர்டு ஏஎம் ஃபைவ். உள்ளயே போகாது. நீங்க வாங்கின ரேமும் இதுல போகாது. டப்பா ஓரத்துல எழுதியிருக்கு பாருங்க."

பார்த்தேன். எழுதியிருந்தது. சாமி படத்தடியில் ஒரு மாதமாக அது அப்படியேதான் இருந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக்கைக் கிழித்திருந்தால் போதும், அவள் கண்ணில் பட்டிருக்கும். மறுநாளே மாற்றிக் கொடுத்திருப்பான், அதற்கடுத்த வாரம் அவள் இங்கே அந்த மேசை முன்னால் உட்கார்ந்திருப்பாள். இப்போது பதினைந்து நாள் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"பரவால்லப்பா" என்றாள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்ட ஆளிடம் சொல்வதுபோல அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

அப்போதுதான் கவனித்தேன், அவள் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. முதுகுக்குப் பின்னால் பச்சையாக ஒரு வெளிச்சம்.

"பின்னால என்னாம்மா அது?"

"கம்ப்யூட்டர்ப்பா. அம்மா போன வாரம் வாங்கிக் குடுத்தாங்க. செகண்ட் ஹேண்ட். இங்க ஒருத்தரு வித்தாரு, நான் போயி ஓட்டிப் பாத்துட்டு சரின்னேன், அம்மா எடுத்துட்டாங்க."

போன வாரமும் மார்கழிதான். அது என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பால் பொங்கின வீட்டில் நான் மட்டும் கையில் ஒரு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். அங்கே பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"நல்லா ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடுதுப்பா. கொஞ்சம் ஸ்லோ. புரோசசரு பழசு."

எடுத்து வைத்திருந்த புரோசசரைப் பார்த்தேன். பல வருடத்தில் முதல் தடவையாக, பதில் எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு ஒன்று கேட்டேன். "இது அதுல போகுமாம்மா?"

அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "போகும்ப்பா! அது பி450 போர்டு, ஏஎம் ஃபோர்தான். மொத போர்டுக்கு ஒரு அப்டேட் போடணும், அது நான் பண்ணிக்கறேன்." மறுபடி உட்கார்ந்தாள். "ஆனா அது உங்க வீட்டுக்கு வாங்கினதாச்சே."

"உனக்கு வாங்கினதும்மா" என்றேன். என் முகத்தை அவள் பார்க்கக்கூடாது என்று டப்பாவை மூடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே புரோசசரையும் ரேமையும் கொரியரில் போட்டேன். பகலில் மகள் பள்ளியில் இருப்பாள் என்பதால் புஷ்பலதா வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பினேன்; பெறுபவர் பெயர் புஷ்பலதா என்றுதான் எழுத வேண்டியிருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை மகள் ஒரு படம் அனுப்பினாள்: திரையில் ஏதோ மலை, மழை, துப்பாக்கியோடு ஐந்து உருவங்கள். "சூப்பரா ஓடுதுப்பா. டீம்ல மறுபடி சேத்துக்கிட்டாங்க" என்று எழுதியிருந்தாள். ஒரு நாள் முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்தேன்.

சாயங்காலம் நானே எழுதினேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். "அப்பாகிட்ட அந்தப் போர்டு சும்மா இருக்கு. அதுக்கு எந்தப் புரோசசர், எந்த ரேம்னு எழுதி அனுப்பு. நீ எழுதினத மட்டும் வாங்கறேன். வந்த அன்னைக்கே பிரிச்சு வெக்கறேன். ஜூன் சூத்திக்கு வரியா?"

அவள் படித்துவிட்டாள் என்று காட்டியது. அவள் எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. அதற்குள் நான் இரண்டு தடவை அடுப்பை அணைத்து ஏற்றினேன்.

கடைசியில் பதில் வந்தது.

"அவசரமில்லப்பா, இப்ப ஒண்ணும் வாங்காதீங்க. ஜூன்ல அங்க வரலாமான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

சரி என்று எழுதினேன். டிசம்பரில் அவள் யாரிடமும் கேட்கவில்லை. தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். என் மகள் இனிமேல் என் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் வருவாள்.